எட்டுப் பக்க வேதம்

மனித குலத்தை அறியாமையிலிருந்தும் அடிமைத்தனத்திலிருந்தும் விடுவிப்பதற்காகவே உறை இயக்ககம் தோற்றுவிக்கப்பட்டது. அதன் முன்சுவரில் கருங்கல்லில் இப்படித்தான் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே செய்தது காகித உறை. அரசாங்க அலுவலகங்கள் ஒன்றுக்கொன்று கடிதம் போட்டுக்கொள்ள உறை வேண்டும் அல்லவா? நீளமான ஒரு கூடத்தில் அறுபது பேர் நின்றபடியே காகிதத்தை மடித்து, ஒட்டி, நூறு நூறாகக் கட்டினார்கள். உட்கார்ந்து செய்தால் வேகம் குறையும் என்று முன்பு ஒரு நிபுணர் உட்கார்ந்து யோசித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கூடத்தின் கோடியில் ஒரு கொப்பரை. காலை ஆறு மணிக்கு அதன் அடியில் நெருப்பை மூட்டி, மாவைக் கரைத்து ஊற்றி, பூச்சி அரிக்காமலிருக்கத் துளி மயில்துத்தம் போட்டு, துடுப்பால் கிண்டிக்கொண்டே நிற்பவர் பசைக்காரர். ஏழு மணிக்கு அறுபது கிண்ணங்களிலும் பசை நிரம்பியிருக்கும். முப்பத்தொரு வருடமாக நிரம்பியிருந்தது. அவரிடமிருந்து இயக்ககத்துக்கு எந்தத் தொந்தரவும் வந்ததில்லை.

தொந்தரவு வந்தது அவருடைய மனைவியால். அந்த அம்மாள் ஐம்பத்து மூன்றாவது வயதில் சரித்திரத்தில் பட்டம் பெற்றுவிட்டார். தபால் வழியில், ஒன்பது வருடம், புத்தகத்தை மாவு டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரே ஒரு தாளில் நான்கு முறை தோற்று, ஐந்தாவது முறை ஜெயித்திருந்தார். பட்டமளிப்பு விழா மூன்று வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, இரண்டு மணி நேர பஸ் பயணத்தில் இருந்த நகரத்தில். பட்டம் பெறும் ஒவ்வொருவரும் கூட ஒரே ஓர் ஆளை அழைத்து வரலாம்.

"பிள்ளைங்கள நான் கூப்பிடல. பெரியவன் வந்தா போனத்தான் பாத்துக்கிட்டிருப்பான்" என்றார் மனைவி. "நீங்க வரணும். என் பேரக் கூப்பிடறப்ப ஹால்ல நம்ம ஆளுன்னு ஒருத்தர் என்னப் பாத்துக்கிட்டிருக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

"வர்றேன்னுதான் சொல்லிட்டேனே."

"எங்கிட்ட சொல்லி என்ன? அங்க லீவு எழுதிக் குடுக்கணும். உங்க ஆபீஸப் பத்தி எனக்குத் தெரியாதாங்க? நம்ம கல்யாணத்துக்கே அரை நாள்தான குடுத்தாங்க. பந்தியில பாதியில எழுந்து ஓடினீங்க."

அதில் உண்மை இருந்ததால் பசைக்காரர் மறுநாளே விடுப்பு எழுதினார். விடுப்புப் படிவம் இயக்ககத்தில் இல்லை. யாரும் கேட்காததால் அச்சடிப்பதை நிறுத்திவிட்டிருந்தார்கள். ஆகவே ஓர் உறையின் முதுகில் எழுதிக் கொடுத்தார். மேற்பார்வையாளர் அதைச் செத்த பல்லியைத் தூக்குவதுபோல ஒரு மூலையில் பிடித்துத் தூக்கினார்.

"இது என்ன அண்ணே?"

"லீவு லெட்டர்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

மேற்பார்வையாளர் சுற்றும்முற்றும் பார்த்தார். அதற்குள் விஷயம் அறுபது பேருக்கும் தெரிந்துவிட்டது. பசைக்காரருக்கே லீவு உண்டென்றால் நமக்கும் மாதத்தில் ஒரு நாள் கேட்டுப் பார்க்கலாமே என்று அவர்களும் பணிவாக ஒரு மனு எழுதி, அறுபது கையெழுத்தையும் வட்டமாகப் போட்டார்கள். வட்டத்தில் முதல் கையெழுத்து எது என்று கண்டுபிடிக்க முடியாது என்பது அவர்கள் கணக்கு.

இயக்குநர் மனுவை இரண்டு முறை படித்தார். பிறகு அதிகாரிகள் ஒன்பது பேரையும் கூப்பிட்டு, மனுவில் அவரைக் கலங்கவைத்தது கோரிக்கை அல்ல என்று விளக்கினார். வேலை நேரத்தில் அறுபது பேர் ஒரு காகிதத்தைச் சுற்றி நின்று வட்டம் போடுகிற அளவுக்கு அவர்களுக்கு நேரம் இருந்திருக்கிறதே, அதுதான் கலங்கவைத்தது. நேரம் எங்கிருந்து வந்தது? பசையிலிருந்து. கிண்ணத்தில் தயாராகப் பசை இருப்பதால்தான் கை ஓய்கிறது. கை ஓய்ந்தால் மனசு ஊர் சுற்றக் கிளம்புகிறது. அன்று மாலையே ஆணை ஒட்டப்பட்டது.

"ஊழியர்களிடையே ஓய்வு மனப்பான்மை தலைதூக்கியுள்ளது. ஆகவே நாளை முதல் பசை வழங்கப்படமாட்டாது. தேவையான பசையை ஊழியர்கள் தாங்களே தேடிக்கொள்ள வேண்டும். உறைகளின் எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையக் கூடாது."

இயக்ககத்தில் கடைசியாகப் பசை போட்டு ஒட்டப்பட்ட காகிதம் அதுதான்.

பசைக்காரர் துணிந்து இயக்குநர் அறைக்குப் போனார். இயக்குநர் கோபக்காரர் அல்ல. பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார். அதுதான் அவரைப் பற்றிய பயமே.

"விடுப்புங்கறது என்ன? வேலை செய்யறவர் அந்த வேலையிலேர்ந்து எடுத்துக்கறது. சரியா? பசையே இல்லாதப்ப உங்களுக்கு வேலை இல்ல. இல்லாத வேலையிலேர்ந்து உங்கள நான் எப்படி விடுவிக்க முடியும், சொல்லுங்க?"

பசைக்காரர் யோசித்தார். "அப்ப நான் வீட்டுக்குப் போயிடலாமா சார்?"

"வேலை நேரத்துலயா?" என்றார் இயக்குநர், நிஜமான அதிர்ச்சியுடன்.

ஆக, பசைக்காரர் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை குளிர்ந்துபோன கொப்பரையின் பக்கத்தில் துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அறுபது பேர் பசை தேடிப் புறப்பட்டார்கள். விடிவதற்கு முன்பே வந்து, தெருச் சுவர்களில் காயாத சுவரொட்டிகளை உரித்து அவற்றின் முதுகைச் சுரண்டினார்கள். சாலையோர மரங்களைக் கீறிப் பிசின் வடித்தார்கள். மதியச் சாப்பாட்டில் பாதியை மசித்துக் காகிதத்துக்குக் கொடுத்துவிட்டு மீதியைத் தாங்கள் சாப்பிட்டார்கள். ஒருவர் ஒட்டிய உறைகளையெல்லாம் அடுக்கி, நன்றாகப் பிடிக்கட்டும் என்று அவற்றின்மேல் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்த குற்றத்துக்கு அவருக்கு எச்சரிக்கை வந்தது. எண்ணிக்கை குறைந்த நாளில் மேற்பார்வையாளரை இயக்குநரின் அறை வாசலில், குறைந்த உறை எத்தனையோ அத்தனை வெற்றுக் காகிதங்களைத் தலைக்கு மேல் பிடித்தபடி நிற்கவைத்தார்கள்.

மக்கள் தங்கள் துன்பத்துக்குக் காரணமானவரைச் சரியாக அடையாளம் கண்டுகொண்டார்கள். அவர் கொப்பரையின் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"ஏண்ணே, உங்க வீட்டம்மா பாஸ் பண்ணினதுக்கு நாங்க ஏண்ணே மரத்தச் சுரண்டணும்?" என்று கேட்டார் கட்டுக் கட்டுகிறவர்.

"மனு எழுதினது நீங்கதானப்பா."

"நீங்க ஆரம்பிக்காம நாங்க எழுதுவோமா? எங்களுக்கு லீவுன்னு ஒண்ணு இருக்கறதே ஞாபகம் இல்ல. நிம்மதியா இருந்தோம்."

காகித ஓரம் மடிக்கும் பெண்மணி ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அக்கா. கைப்பையில் எப்போதும் பைபிள் வைத்திருப்பார், வேதம் என்றுதான் சொல்வார். அன்று மதியம், பாதிச் சாப்பாட்டுக்கு நடுவே, இதெல்லாம் ஒன்றும் புதுசில்லை என்றார். "வேதத்துலயே இருக்கு. ஒரு ராஜாகிட்ட அடிமைங்க போய், மூணு நாள் லீவு குடுங்க, சாமி கும்பிட்டுட்டு வந்துடறோம்னு கேட்டாங்க. அவன் சொன்னான், இவங்களுக்கு வேலை பத்தல, அதான் சாமி ஞாபகம் வருதுன்னு. செங்கல் அறுக்க அதுவரைக்கும் வைக்கோல் அவன்தான் குடுத்துக்கிட்டிருந்தான். இனிமே கிடையாது, நீங்களே பொறுக்கிக்குங்க, செங்கல் மட்டும் ஒண்ணு குறையக் கூடாதுன்னுட்டான்."

"அப்புறம்?" என்று கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது. மணிக்குப் பிறகு பேசக் கூடாது.

மேற்பார்வையாளர் தன் காதில் விழுந்த வரைக்கும் இயக்குநரிடம் போய்ச் சொன்னார். இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர, பசையை நிறுத்திய நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் சரியில்லை. முன்னுதாரணம் இல்லாமல் ஒரு காரியம் செய்துவிட்டோமே என்ற உறுத்தல். இப்போது முன்னுதாரணம் கிடைத்துவிட்டது. அதுவும் பல்லாயிரம் ஆண்டுப் பழமையுள்ளது, அதுவும் வேதத்தில்.

அக்காவின் புத்தகம் ரசீது கொடுத்துப் பெறப்பட்டது. அதை நகலெடுத்துக் கோப்பில் சேர்க்க உத்தரவானது. ஒரு காலாண்டில் ஒரு கோப்புக்கு எட்டுப் பக்கம்தான் நகலெடுக்கலாம் என்பது விதி. பியூன் அந்தக் கதை தொடங்கும் இடத்திலிருந்து எட்டுப் பக்கம் எடுத்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். எட்டாவது பக்கம், அடிமைகளின் மேற்பார்வையாளர்கள் அடிபட்டு, ராஜாவிடம் போய் முறையிட்டு, நீங்களும் சோம்பேறிகள்தான் என்று திட்டு வாங்கித் திரும்பும் இடத்தில் முடிந்தது. மிச்சக் கதை அடுத்த காலாண்டில் இருந்தது.

எட்டுப் பக்கத்தையும் அதிகாரிகள் ஒன்பது பேரும் முறை வைத்துப் படித்தார்கள். படிக்கப் படிக்க அவர்களுக்கு அந்த ராஜாவின்மேல் மரியாதை பெருகியது. கூட்ட அறைக்கு மாமன்னர் அரங்கு என்று பெயர் மாறியது. பசையில்லாமல் அதிக உறை ஒட்டுகிறவருக்கு வைக்கோல் விருது என்று ஒன்று ஏற்படுத்தினார்கள். விருது என்பது ஒரு வைக்கோல் துரும்பு. கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை, விருது வழங்கும்போது இயக்குநர் பேசினார். நின்றுகொண்டிருந்த அறுபது பேரும் கேட்டார்கள். கொப்பரையின் பக்கத்திலிருந்து பசைக்காரரும் கேட்டார்.

"அந்த மன்னர் வைக்கோலை ஏன் நிறுத்தினார்? நம்பிக்கை. மக்கள்மேல் நம்பிக்கை. உங்களால் முடியும் என்று இதைவிடத் தெளிவாக ஒரு தலைவர் சொன்னதாக வரலாறு இல்லை. அவர் உழைப்பவர்களை அடித்தாரா என்றால், இல்லை. மேற்பார்வையாளர்களை அடித்தார். இதற்குப் பெயர்தான் அதிகாரப் பகிர்வு. அவர்கள் சுதந்திரம் கேட்டார்கள். அவர் மறுக்கவில்லை, வைக்கோலை எங்கு வேண்டுமானாலும் போய்ப் பொறுக்கிக்கொள்ளும் சுதந்திரத்தைக் கொடுத்தார். அவருடைய பிற்கால வாழ்க்கை நமக்கு அனுமதிக்கப்பட்ட பக்கங்களில் இல்லை. எனினும் உரிய வயதில், உரிய மரியாதைகளோடு, அமைதியாக ஓய்வு பெற்றிருப்பார் என்று நாம் கொள்ளலாம். நானும் அவர் வழியில் நடக்க விரும்புகிறேன்."

அக்கா சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார், தாங்கவில்லை.

"என்னம்மா?" என்றார் இயக்குநர்.

"ஒண்ணும் இல்ல சார். உங்க ஆசை நிறைவேறட்டும்னு நினைச்சேன்."

இதை இயக்குநர் வாழ்த்தாகவே எடுத்துக்கொண்டார். நகலெடுக்கத்தான் தடை, வாய்விட்டுப் படிக்கத் தடையில்லை என்று சட்ட அலுவலர் எடுத்துச் சொல்ல, மறுநாள் மாமன்னர் அரங்கில் அக்காவே வந்து மிச்சக் கதையைப் படிக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. எல்லாவற்றுக்கும் தொடக்கமானவர் என்பதால் பசைக்காரரும் ஓரமாக நிற்கவைக்கப்பட்டார். அவருக்குக் கதையில் மனம் ஓடவில்லை. நாளைக் காலை பத்து மணி என்பது மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. முந்தின இரவு மனைவி வாடகைக் கறுப்பு அங்கியைப் போட்டுப் பார்த்து, தரையில் புரண்ட விளிம்பை ஊக்கு குத்தி உயர்த்திக்கொண்டே, லீவு என்னாச்சு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது உளறியிருக்கலாம்.

அக்கா படித்தார். ஆற்றுத் தண்ணீர் ரத்தமான இடத்தில், அது குடிநீர்த் துறையின் பொறுப்பு என்று இயக்குநர் குறித்துக்கொண்டார். தவளைகள் அரண்மனைக்குள் புகுந்து படுக்கையில் ஏறியபோது, இங்கே ஜன்னல்களுக்கு வலை உண்டு என்று பராமரிப்பு அதிகாரி உறுதி கூறினார். பேன், வண்டு, மாட்டு நோய் என்று வரிசையாக வந்தன. ஆட்களுக்கு உடம்பெல்லாம் கொப்புளம் வந்தபோது மட்டும் அதிகாரிகள் கொஞ்சம் கவலைப்பட்டார்கள். மருத்துவ விடுப்பு கேட்பார்களே. கல்மழைக்குக் கார் நிறுத்துமிடத்துக்குக் கூரை இருந்தது. வெட்டுக்கிளிகள் உறையைத் தின்னுமா என்று விவாதம் நடந்தது. மூன்று நாள் இருட்டுக்கு ஜெனரேட்டர் இருந்தது. ஒவ்வொரு தொல்லையின்போதும் ராஜா, சரி போங்கள் என்று சொல்லிவிட்டு, தொல்லை நீங்கியதும் மாட்டேன் என்றான். "ஆணைய மறுபரிசீலனை பண்றதுல தப்பே இல்ல" என்றார் இயக்குநர், திருப்தியுடன்.

பிறகு பத்தாவது தொல்லை வந்தது. அந்த நாட்டில் ஒவ்வொரு வீட்டிலும் தலைப்பிள்ளை செத்துப்போனது. ராஜாவின் வீட்டிலும்.

இயக்குநர் தன் வீட்டில் மூத்த பிள்ளை. மேசையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். யாரும் கேட்காமலே அதிகாரிகளில் ஏழு பேரின் முகம், நாங்களும்தான் என்றது.

சட்ட அலுவலர் தொண்டையைச் செருமினார். "எனக்கு மேல ஒரு அண்ணன் இருக்கார் சார். அதனால நான் பாரபட்சம் இல்லாம சொல்றேன். இந்தக் கதை நமக்குப் பொருந்தாது."

"உங்களுக்குப் பொருந்தாது" என்றார் இயக்குநர்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு சார்" என்றார் அக்கா. "அவன் அவங்கள அனுப்பிட்டு, அதுக்கப்புறம் மனசு மாறி, தொரத்திக்கிட்டுக் கடலுக்குள்ள எறங்கி…"

"போதும்மா."

"முக்கியமான இடமே அதுதான் சார்."

"போதும்னு சொல்றேன்ல."

உடனடியாக மாதம் ஒரு நாள் விடுப்பு அறுபது பேருக்கும் வழங்கப்பட்டது, பசைக்காரருக்கு வெள்ளிக்கிழமை. அப்போதுதான் சட்ட அலுவலருக்குச் சிக்கல் ஞாபகம் வந்தது. அவருக்கு வேலையே இல்லையே, எதிலிருந்து விடுப்பு? ஒரு மணி நேரம் ஆலோசித்து வழி கண்டார்கள். பசை வழங்கல் மீண்டும் தொடங்கும். வெள்ளிக்கிழமை மட்டும் அலுவலகம் அதிகாலை மூன்று மணிக்கே திறக்கும். பசைக்காரர் வந்து, மூன்று நாளைக்கான பசையைக் காய்ச்சி, தமக்கு வேலை இருப்பதை ஐயமற நிரூபித்துவிட்டு, அதிலிருந்து விடுப்பில் செல்லலாம்.

அவர் அப்படியே செய்தார். மூன்று மணி முதல் ஏழு மணி வரை கிண்டினார். மூன்று வாரம் சும்மா நின்ற தோள், துடுப்பைக் கண்டதும் கழன்றுவிடும்போலிருந்தது. கை கழுவாமலே ஓடி ஏழரை மணி பஸ்ஸைப் பிடித்தார். நகரத்தில், அரங்கத்தின் வாசலில், கறுப்பு அங்கியில் மனைவி நின்றிருந்தார்.

"மூஞ்சியில மாவு" என்றார். முந்தானை அங்கிக்குள் இருந்ததால் அங்கியின் கையாலேயே துடைத்துவிட்டார். "என் நம்பர் நூத்திப் பதினேழு. எண்ணிக்கிட்டே இருங்க. வேற யாரையோ பாத்துக்கிட்டு இருந்துடாதீங்க."

"உன்னத்தான பாக்க வந்தேன்."

அவருக்குப் பதினான்காவது வரிசையில் இடம் கிடைத்தது. மெத்தை வைத்த நாற்காலி. பேச்சுகள் முடிந்து பெயர்கள் தொடங்கின. அவர் விரல் மடக்கி எண்ணிக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். யாரோ இப்போது வந்து கூப்பிடப்போகிறார்கள் என்ற பயம் இன்னும் முதுகில் இருந்தது.

பயம் வீண்போகவில்லை. காலையில் எழுந்த இயக்குநர் தான் உயிரோடு இருப்பதைக் கவனித்தார். மற்ற ஏழு பேருக்கும் போன் செய்தார், எல்லோரும் எடுத்தார்கள். அவசரப்பட்டுவிட்டோம் என்று தோன்றியது. எட்டே முக்காலுக்கு, விடுப்பை ரத்து செய்து உடனே திரும்பி வரச்சொல்லும் ஆணை தட்டச்சாகி, உறையிலிடப்பட்டு, முத்திரையிடப்பட்டு, ஜீப்பில் பியூனோடு புறப்பட்டது. அந்த உறை கடந்த மூன்று வாரத்தில் செய்யப்பட்டது. அதன் அடிப்பக்கத்தை ஒட்டியிருந்தது யாருடைய மதியச் சாப்பாடு என்பது தெரியவில்லை. ஜீப்பின் ஜன்னல்கள் திறந்திருந்தன.

நூற்றுப் பன்னிரண்டாவது பெயரின்போது பியூன் பதினான்காவது வரிசைக்கு வந்து சேர்ந்தார். பசைக்காரர் உறையைப் பார்த்தார்.

"கையெழுத்துப் போடுங்கண்ணே" என்றார் பியூன் தாழ்ந்த குரலில்.

போட்டார். உறையை வாங்கினார். முத்திரையை உடைக்கும்போதே அடிப்பக்கம் வாய்பிளந்து அவருடைய வேட்டி தெரிந்தது. இரண்டு விரலை விட்டுத் துழாவினார். தலைகீழாக உதறினார்.

"உள்ள ஒண்ணும் இல்லையேப்பா."

பியூனும் குனிந்து பார்த்தார். "எனக்கு அது தெரியாதுண்ணே. உறையக் குடுத்துட்டு வரச் சொன்னாங்க. குடுத்துட்டேன்." கையெழுத்தான காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வந்த வழியே போய்விட்டார்.

நூற்றுப் பதினான்கு. பசைக்காரர் மூன்று வாரமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். இனி அவரை யாரும் கூப்பிட முடியாது. முதல் முறையாக நாற்காலியில் நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்து சாய்ந்துகொண்டார். மெத்தை அவரை ஏற்றுக்கொண்டது.

நூற்றுப் பதினேழாவது பெயர் அழைக்கப்பட்டது. அந்த அம்மாள் ஊக்குக் குத்திய விளிம்பு தடுக்காமல் படியேறினார், பட்டத்தை வாங்கினார், திரும்பிக் கூடத்தைப் பார்த்து, ஒவ்வொரு வரிசையாகத் தேடி, பதினான்காவது வரிசையில் கண்டுபிடித்தார்.

பசைக்காரர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.